பெரி பறிக்கும் சீப்பு: செப்டெம்பர் மலைக்கு உகந்தது, ஓகஸ்ட் காட்டுக்கு அல்ல

நோர்வேயில் ஓகஸ்ட் மாதம் பிறந்ததும் விளையாட்டுப் பொருள் விற்கும் கடைகளிலும் தோட்டக் கருவிகள் விற்கும் கடைகளிலும், பெரி எனப்படும் சிறு காட்டுப் பழங்களைப் பறிக்க உதவும் சீப்பு வாசலுக்கு அருகிலேயே அடுக்கப்பட்டுவிடும். நான் வாங்கியதில் எல்லாக் காட்டுப் பழங்களுக்கும் ஏற்றது என்று ஓர் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அது பாதிதான் உண்மை. பருவத்தின் கடைசியில், மலைச்சரிவில், தித்தெபேர் என்று இங்குள்ளவர்கள் அழைக்கும் சிறிய சிவப்புப் பழத்தைப் பறிப்பதற்கு இதைவிட நல்ல கருவி இல்லை. புளோபேர் எனப்படும் நீலப் பழத்துக்கோ, அதிலும் முதல் உறைபனி விழுந்த பிறகு, இதனால் வரும் நன்மையைவிடச் சேதமே அதிகம். இந்த வேறுபாட்டைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை என்பதால், இரண்டு வகைச் சீப்புகளை மலையில் பயன்படுத்திப் பார்த்ததில் தெரிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

தித்தெபேர் என்றதும் அடையாளம் தெரியாதவர்களுக்கு: ஐக்கியா தளபாடக் கடையின் உணவகத்தில் இறைச்சி உருண்டைகளுக்கு அருகே ஒரு கரண்டி சிவப்பு ஜாம் வைப்பார்களே, அந்தப் பழம்தான். ஆங்கிலத்தில் லிங்கன்பெரி என்பார்கள். பைன் மரங்களின் அடியிலும், மரங்கள் முடிந்த பிறகு வரும் திறந்த வெளியிலும் முழங்காலுக்கும் எட்டாத குட்டைச் செடியில், குளிர்காலத்திலும் உதிராத தடித்த இலைகளுக்கு நடுவே கொத்தாகக் காய்க்கிறது. ஓகஸ்ட் கடைசியில் நிறம் பிடிக்கத் தொடங்கி, செப்டெம்பர் முழுவதும் முற்றி, ஒக்டோபரில் பனி மூடும் வரை செடியிலேயே கெடாமல் நிற்கும். மற்றப் பழங்கள் எல்லாம் ஓய்ந்த பிறகும் மலைக்குப் போகக் காரணமாக மிஞ்சி நிற்பது இதுதான்.

சீப்பின் அமைப்பு எளிமையானது. முன்பக்கம் திறந்த, ஏறத்தாழ ஒரு சாண் அகலமுள்ள பிளாஸ்ரிக் பெட்டி. திறந்த வாயின் கீழ் விளிம்பிலிருந்து வரிசையாக நீளும் எஃகுக் கம்பிப் பற்கள். பெட்டியின் மேல் ஒரு கைப்பிடி. பற்களின் நுனி சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும். அந்த வளைவு இல்லாவிட்டால் பறித்த பழம் அடுத்த வீச்சுக்குள் முன்னால் உருண்டு விழுந்துவிடும். பற்களுக்கு இடையிலான இடைவெளியே இந்தக் கருவியின் உயிர்நாடி. செடியின் தண்டும் இலையும் அதனூடாக நழுவிப் போக வேண்டும், பழம் மட்டும் நழுவக் கூடாது. கம்பியின் நுனியைக் கடையிலேயே விரலால் தடவிப் பாருங்கள். நுனி மழுங்க உருட்டப்பட்டிருந்தால் நல்லது. வெட்டிய கம்பி அப்படியே கூராக விடப்பட்டிருந்தால் அது பழத்தின் தோலையும் செடியின் பட்டையையும் கிழிக்கும்.

நான் முதலில் வாங்கியது சுமார் 200 குரோனர் விலையுள்ள, மூடி இல்லாத சாதாரண வகை. அடுத்து வாங்கியதில் வாயின் மேல் ஒரு தொங்கு மூடி இருந்தது. செடிக்குள் தள்ளும்போது உள்நோக்கித் திறந்து, சீப்பைத் தூக்கும்போது தானாக மூடிக்கொண்டு பழத்தை உள்ளே தக்கவைக்க வேண்டும் என்பது அதன் எண்ணம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இவற்றைச் சோதித்த இடம் ரொண்டானே மலைத்தொடரின் மேற்கு விளிம்பில், ஏறத்தாழ 1000 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஹொவ்ரிங்கன் என்ற பழைய மலைப் பண்ணைக் குடியிருப்பின் சுற்றுப்புறம். ஒஸ்லோவிலிருந்து ஈ 6 நெடுஞ்சாலையில் குட்பிரான்ஸ்டால் பள்ளத்தாக்கு வழியாக ஒட்டா வரை 300 கிலோமீற்றர் அளவு ஓடி, அதைத் தாண்டிச் சிறிது தூரத்தில் மேலே ஏற வேண்டும். ரொண்டானே 1962இல் அறிவிக்கப்பட்ட, நோர்வேயின் முதல் தேசியப் பூங்கா. அதற்குள் 2000 மீற்றரைத் தாண்டிய சிகரங்கள் பத்து இருக்கின்றன. பழம் பறிக்கப் போகிறவர்களுக்குச் சிகரம் தேவையில்லை. மலைப் பேர்ச் மரங்கள் குட்டையாகி ஓயும் எல்லையிலும் அதற்குச் சற்றுக் கீழும் தெற்கு நோக்கிய உலர்ந்த சரிவுகளிலும்தான் தித்தெபேர் நிறைந்து காய்க்கிறது. இன்னும் மேலே போனால் செடி இருக்கும், பழம் சிறுத்தும் அருகியும் இருக்கும். செப்டெம்பர் கடைசியில் பேர்ச் இலைகள் மஞ்சளாகவும் நிலத்தோடு ஒட்டிய குட்டைப் பேர்ச் புதர்கள் செம்பழுப்பாகவும் மாறிவிடுவதால், சிவப்புப் பழத்தைத் தொலைவிலிருந்து கண்டுபிடிப்பது எதிர்பார்ப்பதைவிடக் கடினம். பளபளக்கும் பச்சை இலையைத் தேடிப் போவதே சுலபமான வழி.

நல்ல திட்டு ஒன்று அகப்பட்டதும் சீப்பு தன் வேலையைக் காட்டுகிறது. பற்களைக் கொத்தின் அடியில் செடிக்குள் மெதுவாகச் செலுத்தி, மணிக்கட்டைப் பின்னோக்கிச் சாய்த்தபடி மேலே தூக்கினால், பழங்கள் காம்பிலிருந்து விட்டு, பெட்டியின் அடியில் படபடவென்று விழும். இழுக்கக் கூடாது என்பதுதான் முக்கியம். முதன்முறை பிடிப்பவர்கள் எல்லோரும் தலை வாருவதுபோலத் தங்களை நோக்கி இழுக்கிறார்கள். அப்படிச் செய்தால் தண்டு ஒடிந்து, இலையும் குச்சியுமாகப் பாதிப் பெட்டி நிரம்பிவிடும். பழம் கெட்டியாகவும் தண்டு கம்பிபோல வளைந்து கொடுப்பதாகவும் இருப்பதால், சரியான வீச்சுக்குத் தித்தெபேர் ஒத்துழைக்கிறது. கையால் ஒவ்வொன்றாகக் கிள்ளி ஒரு லீற்றர் சேர்க்கும் நேரத்தில் சீப்பால் மூன்று நான்கு லீற்றர் சேர்த்துவிடலாம். விரல்கள் விறைக்கும் காலை வேளையில் கையுறையைக் கழற்றாமலே பறிக்க முடிவது, மலையில் இதற்குக் கிடைக்கும் இன்னொரு பெரிய மதிப்பு.

ரொண்டானேக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. இங்கே மழை குறைவு, மண் வறண்டது. அதனால் நிலம் முழுவதும் வெளிர் மஞ்சள் நிறப் பாசிக்காளான் (லைக்கன்) மெத்தையாகப் படர்ந்திருக்கிறது. ரெயின்டீயர் மான் குளிர்காலத்தில் தின்பது இதைத்தான். வெயிலில் காய்ந்திருக்கும்போது அது நொறுங்கிப் பொடியாகிச் சீப்புக்குள் வந்து பழங்களுக்கு இடையே அடைந்துகொள்ளும். பனியிலோ மழையிலோ நனைந்திருக்கும்போது பஞ்சாக மெத்தென்று இருப்பதால் பற்கள் அதற்குள் புதைந்து, அடியோடு பெயர்த்துக்கொண்டு வரும். மிக மெதுவாக வளரும் இந்த மெத்தையைப் பெயர்ப்பது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. எனவே பற்களை நிலத்திலிருந்து இரண்டு விரற்கிடை மேலே வைத்துப் பறிக்கப் பழகிக்கொண்டேன். கீழே தாழ்ந்து கிடக்கும் கொத்துகள் தப்பிப் போகும். போனால் போகட்டும், பறவைகளுக்கும் வேண்டுமல்லவா.

நீலப் பழத்தின் கதை வேறு. புளோபேர் ஓகஸ்டில் கெட்டியாக இருக்கும்போதே அதன் தோல் மெல்லியது. கடையில் பிளாஸ்ரிக் பெட்டியில் கிடைக்கும் பெரிய அமெரிக்க வகைபோல உள்ளே வெளுத்திருக்காது, சதை முழுவதும் கருநீலம். செப்டெம்பர் பிற்பகுதியில், இரவில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே ஓரிரு முறை இறங்கிய பிறகு, அது தளர்ந்து நீர் கோத்துவிடுகிறது. அந்த நிலையில் சீப்பால் தொட்டால் பறிக்கப்படுவதில் ஒரு பகுதி பற்களிலேயே நசுங்கி, மீதியின்மேல் சாறாக வழிகிறது. போதாக்குறைக்கு, அதன் செடி இலையுதிர்ப்பது. சிவந்து உதிரத் தயாராக நிற்கும் இலைகள் சீப்பு பட்ட மாத்திரத்தில் கொட்டி, அந்தச் சாற்றில் ஒட்டிக்கொள்ளும். அவற்றைப் பிரித்தெடுக்கும் பொறுமை யாருக்கும் இராது. ஓகஸ்ட் நடுப்பகுதியில், தாழ்ந்த காட்டில், உலர்ந்த நாளில் புளோபேருக்கும் சீப்பு ஓரளவு பயன்படுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்போதும் உண்பதற்கென்று தனியாகக் கையால் பறித்ததற்கும் ஜாமுக்கென்று சீப்பால் பறித்ததற்கும் உள்ள வித்தியாசம் கிண்ணத்தில் பளிச்சென்று தெரியும்.

கை செய்யும் ஒரு வேலையைச் சீப்பு செய்யாது: அது தெரிந்தெடுப்பதில்லை. மலையில் பழங்கள் கலந்தே வளர்கின்றன. நீலப் பழத்தோடு புளொக்கெபேர் என்ற, வெளியே நீலமும் உள்ளே வெளிறிய சதையும் கொண்ட சப்பென்ற பழமும், எங்கு பார்த்தாலும் கிரெக்லிங் என்ற கறுப்பு நீர்ப்பழமும் சேர்ந்து வரும். கிரெக்லிங்கில் சிறியவை பற்களினூடாக நழுவி விழுந்துவிடும். கவனிக்க வேண்டியது மெல்பேர். தித்தெபேரைப்போலவே சிவப்பு, தரையோடு படரும், இலையும் பச்சை; விஷமில்லை, ஆனால் உள்ளே மாவு. ஒரு பிடி கலந்தாலே ஜாம் மந்தமாகிவிடும். இலையைத் திருப்பிப் பார்த்தால் சந்தேகம் தீரும். தித்தெபேர் இலையின் அடிப்பக்கம் வெளிர்ந்து, கரும்புள்ளிகள் குத்தினாற்போல இருக்கும், விளிம்பு உள்நோக்கிச் சுருண்டிருக்கும்; மெல்பேர் இலையில் புள்ளிகள் இல்லை, வலைபோன்ற நரம்புகள் மட்டுமே. புதிய திட்டு ஒன்றில் சீப்பை இறக்குவதற்கு முன் ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்துவிடுவது நல்லது.

தொங்கு மூடிக்கு வருகிறேன். தட்டையான இடத்தில், கொத்துகள் ஒரே உயரத்தில் இருக்கும் செடிகளில் அது சொன்னபடி நடக்கிறது. மலைச்சரிவில் நிலைமை அப்படியில்லை. சீப்பைச் சாய்த்துப் பிடிக்கும் கோணம் ஒவ்வொரு வீச்சுக்கும் மாறுவதால் மூடி சில சமயம் முன்கூட்டியே விழுந்து கொத்தை வெளியிலேயே தடுத்துவிடுகிறது. அதைவிட மோசமாக, பாசிக்காளான் துணுக்குகள் கீல் பகுதியில் சிக்கி, மூடி பாதி திறந்தபடியே நின்றுவிடுகிறது. குளிரில் விறைத்த விரல்களால் அதைத் தோண்டி எடுத்துக்கொண்டிருப்பதற்கு மூடியே இல்லாமல் இருக்கலாம். கடைசியில் நான் அந்த மூடியைக் கழற்றிவிட்டேன். அதிக விலை கொடுத்து வாங்க வேண்டிய தேவை அதில் இல்லை என்பது என் கருத்து.

இரண்டு சீப்புகளின் கம்பிகளும் தரமானவைதான், ஆனால் செடிக்கடியில் மறைந்திருக்கும் கல்லில் வேகமாக மோதினால் வளைகின்றன. வளைந்த பல்லைக் குறட்டால் நிமிர்த்தலாம். நிமிர்த்தாமல் விட்டால் அந்த இடைவெளி அகன்று பழம் ஒழுகும். முழுவதும் பிளாஸ்ரிக்கால் ஆன மலிவு வகையும் கடையில் இருக்கிறது. அதன் தடித்த பற்கள் தித்தெபேர்ச் செடியின் அடர்த்திக்குள் புகுவதற்கே தயங்குகின்றன. சிறுபிள்ளைகள் விளையாட்டாகப் பறிப்பதற்கு வேண்டுமானால் அதை வாங்கிக் கொடுக்கலாம்.

இனி, இந்தக் கருவியைப் பற்றிப் பேசும்போது யாரும் முன்கூட்டிச் சொல்லாத பகுதி: துப்புரவு. சீப்பு மலையில் மிச்சப்படுத்தித் தரும் நேரத்தில் ஒரு பங்கை வீட்டில் திருப்பிக் கேட்கும். எவ்வளவு கவனமாகப் பறித்தாலும் இலை, காம்பு, பைன் ஊசி, பாசித் துணுக்கு எல்லாம் கூடவே வரும். நோர்வேஜியர்கள் இதற்கெனக் கம்பிகள் பதித்த சாய்வுத் தட்டு ஒன்று வைத்திருக்கிறார்கள். அதில் பழத்தை உருட்டிவிட்டால் குப்பை இடையில் விழுந்துவிடும். கம்பளித் துணி போர்த்திய பலகையைச் சாய்த்து வைத்து உருட்டுவோரும் உண்டு. பழம் உருண்டோட, இலை துணியில் ஒட்டிக்கொள்ளும். இரண்டையும் முயன்று பார்த்த பிறகு எங்கள் வீட்டில் நிலைத்தது சுளகுதான். ஊரிலிருந்து மாமி கொண்டுவந்த பனையோலைச் சுளகில் இரண்டு லீற்றர் அளவு கொட்டி, வாசலில் மெல்லிய காற்றுக்கு எதிரே நின்று நாலு தரம் புடைத்தால் உலர்ந்த இலையும் பாசியும் பறந்துபோகும். பிறகு சுளகைச் சற்றுச் சாய்த்துக் கொழித்தால் கனமான நல்ல பழம் ஒரு பக்கமாகவும் குச்சிகள் மறுபக்கமாகவும் பிரியும். மிஞ்சுவதைக் கையால் பொறுக்கினால் போதும். தித்தெபேர் கெட்டி என்பதால் புடைப்பதைத் தாங்கும். நீலப் பழத்தைச் சுளகில் போட நினைக்கவே வேண்டாம்.

இவை எல்லாவற்றுக்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது: பழம் உலர்ந்திருக்க வேண்டும். மழைநாளில் பறித்தால் இலை பழத்தோடு ஒட்டிக்கொள்ளும், எந்தத் தட்டும் எந்தச் சுளகும் உதவாது. காலைப் பனி ஈரம் காயும் வரை, பத்து மணி தாண்டும் வரை, காத்திருந்து பறிப்பதே மேல். பறித்ததை மூடியுள்ள கெட்டியான வாளியில் கொண்டுவாருங்கள். முதுகுப்பையில் பிளாஸ்ரிக் பையைக் கட்டிப் போட்டால் இறங்கி வருவதற்குள் அடிப்பாகம் கூழாகிவிடும்.

சீப்பு செடியைக் கெடுக்கும் என்று வாதிடுகிறவர்கள் நோர்வேயில் இன்னமும் இருக்கிறார்கள். என் பார்வையில் குற்றம் பிடிக்கும் கையைப் பொறுத்தது. சரியாகத் தூக்கிப் பறித்த இடத்தைத் திரும்பிப் பார்த்தால் செடிகள் பழம் மட்டும் இல்லாமல் அப்படியே நிற்கும். அவசரமாக இழுத்துப் பறித்த இடத்தில் ஒடிந்த நுனிகளும் வெளிர்ந்த பட்டையும் தெரியும். அண்டை நாடுகளான சுவீடனிலும் பின்லாந்திலும் தாய்லாந்திலிருந்து பருவத்துக்கு வரும் தொழிலாளர்கள் இதைவிடப் பெரிய சீப்புகளைக் கொண்டு நாள் முழுவதும் பறிக்கிறார்கள். ஒரு குடும்பத்தின் தேவைக்குக் கைக்கடக்கமான அளவே போதும்.

சட்டத்தைப் பற்றிப் புதிதாக வந்தவர்கள் கேட்பதுண்டு. 1957ஆம் ஆண்டின் வெளிப்புற வாழ்வுச் சட்டம் வேலியிடப்படாத, பயிரிடப்படாத நிலத்தில் நடக்கவும் காட்டுப் பழம் பறிக்கவும் யாவருக்கும் உரிமை தருகிறது. நிலம் தனியாருடையதாக இருந்தாலும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வடக்கு நோர்வேயில் முல்தெ என்ற மஞ்சள் பழத்துக்கு மட்டும் நில உரிமையாளர் தடை விதிக்கலாம். தடை இருந்தால் அங்கேயே நின்று உண்ணலாம், வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. நமக்கு இங்கே அந்தச் சிக்கல் இல்லை. கவனிக்க வேண்டியது வேறு: பெரும்பாலான இடங்களில் செப்டெம்பர் 25 அன்று எல்க் என்ற பெரிய மானின் வேட்டை தொடங்குகிறது, ஆகவே மரங்கள் உள்ள சரிவுகளில் பளிச்சென்ற நிறத்தில் மேலங்கி அணிவது அறிவுடைமை. அந்த நாட்களில் பகலும் வேகமாகக் குறுகுகிறது. பழத்தின்மேல் கண்ணை வைத்துக் குனிந்தபடியே நகர்கிறவருக்குப் பாதையைக் காட்டும் சிவப்பு டி எழுத்து எந்தப் பாறையில் இருந்தது என்பது மறந்துபோவது மிக இயல்பு. வானிலை நிலையமும் நோர்வே ஒலிபரப்புக் கழகமும் நடத்தும் யர் சேவையில் காற்றின் வேகத்தையும் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். அந்த உயரத்தில் செப்டெம்பரில் பனி கொட்டுவது அதிசயமில்லை.

சமையலறையில் தித்தெபேர் தரும் வசதி, இத்தனை பாடுகளுக்கும் ஈடு கட்டுகிறது. இதில் இயற்கையாகவே பென்சோயிக் அமிலம் இருப்பதால் பூஞ்சணம் எளிதில் பிடிப்பதில்லை. காய்ச்சத் தேவையில்லை: ஒரு கிலோ பழத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான சீனியைக் கொட்டி, சீனி முழுவதும் கரையும் வரை அவ்வப்போது கிளறிவிட்டால், அதுவே குளிர்சாதனப் பெட்டியில் மாதக்கணக்கில் இருக்கும் ஜாம். பழைய காலத்தில் சீனிகூட இல்லாமல் வெறும் தண்ணீரில் போட்டுக் குளிர்காலம் முழுவதும் வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் ஒரு பங்கு சம்பலுக்குப் போகிறது. செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, தேங்காய்ப்பூவுடன் ஒரு கைப்பிடி பழத்தைச் சேர்த்து இடித்தால் தேசிக்காய்ப் புளி விடத் தேவையில்லை. புளிப்போடு மெல்லிய கசப்பும் சேர்ந்து, இடியப்பத்துக்குப் பிரமாதமாகப் பொருந்துகிறது. இதற்கு உறைபனி கண்ட பழமே மேல், புளிப்பின் முனை சற்று மழுங்கியிருக்கும்.

வாங்க நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை: மூடி இல்லாத, பிளாஸ்ரிக் உடலும் எஃகுப் பற்களும் கொண்ட நடுத்தர அளவு. ஆண்டுக்கு ஒரு தடவை, பிள்ளைகளுடன் காட்டில் நடந்து ஒரு கிண்ணம் நீலப் பழம் பறிப்பவர்களுக்கு எந்தச் சீப்பும் வேண்டாம், விரல்கள் போதும். முதுகு வலியுள்ளவர்கள் நீண்ட கைப்பிடி வைத்த வகையைப் பார்க்கலாம். மாமி அதைத்தான் விரும்புகிறார். நின்றபடி பறிக்க முடிகிறது, ஆனால் மணிக்கட்டின் நுண்மை போய்விடுவதால் குப்பை கூடுதலாக வரும், அதைப் புடைப்பதும் அவரே என்பதால் எங்களுக்குள் வழக்கு இல்லை. பருவம் முடிந்ததும் பற்களின் அடியில் காய்ந்திருக்கும் சாற்றை வெந்நீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்து எடுத்து வையுங்கள்; பழத்தின் அமிலம் படிந்த கம்பி அடுத்த ஓகஸ்டுக்குள் துருவேறிவிடும்.